வேட்டிக்குப் பின்னால் ஒளிந்து ஏமாறுவது எப்படி

சத்துவாச்சாரியில் என் மொட்டை மாடிதான் ஒத்திகை மேடை. ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபவுட் நத்திங்’ நாடகத்தில் பெனடிக் ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்கும் காட்சிக்குப் புதர் தேட வேண்டாம். கொடியில் ஒரு ஈர வேட்டி போதும். வேலூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்து பறக்கும், நனைத்துக்கொண்டே இருங்கள்.

பாதம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். பெனடிக்கோடு எப்போதும் வாய்ச்சண்டை போடும் பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று, அவன் ஒளிந்திருப்பது தெரிந்தே நண்பர்கள் அளக்கும்போது கட்டைவிரல் நெளிகிறதே, சிரிப்பு அங்கேதான். அளப்பவர்கள் வேட்டிப் பக்கம் திரும்பவே கூடாது. எங்கள் பையன் ஒருத்தன் திரும்பித் திரும்பிப் பார்த்தே கெடுத்தான்.

அப்புறம், பியாட்ரிஸும் இதேபோல் ஒட்டுக் கேட்டு ஏமாறும் காட்சி வரும். அவளுக்கு வேட்டி வேண்டாம். அவள் காதில் விழுவது தன் திமிரைப் பற்றிய பேச்சு. முகம் வாடுவது தெரியட்டும்.