எலும்பு டெஸ்ட் எடுக்கிறோம், ஆனால் சரியாக எடுக்கிறோமா?

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், கோபி பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தவர். சாணி தெளித்த வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் அவிழ்த்தோம். "வயசானா உழுகறதுதானுங்க"ன்னு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். நாலு வருஷம் கழித்துக் கட்டிலில் இருந்து எழும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது, அதற்கப்புறம் அவர் நடக்கவே இல்லை.

அந்த முதல் முறிவிலேயே எலும்பு அடர்த்தியைப் பார்த்திருக்க வேண்டும். 50 வயதுக்கு மேல், நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் எலும்புத் தேய்மானம், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸ், இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கணும். இடுப்போ முதுகெலும்போ அப்படி உடைந்திருந்தால், ஸ்கேனில் என்ன எண் வந்தாலும் அதை ஆஸ்டியோபோரோசிஸ் என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். கட்டுப் போட்டது யாராக இருந்தாலும், கட்டோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

நான் அதிகம் கேட்கும் வார்த்தை, "ரத்தத்துல கால்சியம் பாத்தமுங்க, நார்மல்தான்." இதை நம்பி எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள். இதயமும் நரம்பும் ஓட ரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும், அதனால் குறையும்போதெல்லாம் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். விதைக்கு வைத்த நெல்லை எடுத்துச் சோறாக்கினால் அன்றைக்குப் பானை நிறைந்துதான் இருக்கும், குதிருக்குள் எட்டிப் பார்த்தால்தானே தெரியும்! அப்படியானால் ரத்த டெஸ்ட் எதற்கு? எலும்பு ஏன் தேய்கிறது என்று கண்டுபிடிக்க. வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தேவைப்பட்டால் ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் என்று டாக்டர் எழுதுவது அதற்காகத்தான். வீசிங்குக்கோ மூட்டு வலிக்கோ ரொம்ப நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆம்பளைகளும்தான்.

சாதா எக்ஸ்ரேயும் அப்படித்தான். கிட்டத்தட்ட 30 சதவீதம் எலும்பு போன பிறகுதான் அதில் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் ஆள் உயரம் இளவயதைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ கூன் விழுந்தாலோ, முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். முதுகெலும்பு வலியே இல்லாமல் நசுங்கியிருக்கக்கூடும்.

அப்புறம் கல்யாண மண்டபத்தில் நடக்கும் இலவச முகாம். குதிகாலில் ஜெல் தடவி ஒரு மெஷினுக்குள் வைத்து, ஒரு சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். அது அல்ட்ராசவுண்ட். குறைவாக வந்தால் மேற்கொண்டு பாருங்கள் என்று சொல்ல உதவும், அவ்வளவுதான். அதை வைத்து மருந்து தொடங்குவதும் தவறு, "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு திரும்பி வருவதும் தவறு. நோயை உறுதி செய்ய, எக்ஸ்ரே கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன், அதுவும் இடுப்புக்கும் அடிமுதுகுக்கும் சேர்த்து எடுக்கணும். கோவை, ஈரோடு போன்ற ஊர்களில் இதற்கு வசதி இருக்கிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு, பயப்பட வேண்டாம்.

டெக்சாவுக்குப் போகும்போது செய்யும் தவறுகள் சின்னவை, ஆனால் எண்ணையே மாற்றிவிடும். முதல் நாளே கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடுங்கள், கரையாத மாத்திரை வயிற்றுக்குள் இருந்தால் முதுகு எலும்போடு சேர்ந்து பதிவாகிவிடும். அம்மாவைக் கூட்டிப்போனபோது டெக்னீசியன் நிறுத்தி, "இடுப்புல என்னம்மா?" என்று கேட்டார். பார்த்தால் சுருக்குப்பை, உள்ளே சில்லறையும் பீரோ சாவியும்! சேலை ஊக்கு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் பாதத்தை உள்பக்கம் திருப்பிப் பட்டையால் கட்டி ஸ்கேன் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் என்று இருக்கும், ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட எண் அது. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ், நடுவில் இருப்பது ஆஸ்டியோபீனியா, அடர்த்தி கொஞ்சம் குறைந்த நிலை. நடுவில்தானே என்று அலட்சியமாக விடாதீர்கள், எலும்பு உடைந்து வருபவர்களில் பாதிக்கும் மேல் மைனஸ் 2.5-ஐத் தொடாதவர்கள். வயதும் பழைய முறிவும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிடணும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50-க்குள் இருக்கும் ஆண்களுக்கும் பார்க்க வேண்டியது அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர்.

மருந்து தொடங்கி ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேனுக்கு ஓடாதீர்கள், எலும்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வருஷம் கழித்துத்தான் எழுதுவார்கள். அப்போது வேறு சென்டரில் மலிவு என்று மாறினால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. இடையில், எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று காட்டும் சி.டி.எக்ஸ். என்ற ரத்த டெஸ்ட் எழுதினால் காலையில் வெறும் வயிற்றோடு போகணும், முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லணும்.

அம்மாவுக்கு முதுகில் மைனஸ் 1.9, தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.6. முதுகு நன்றாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். வயதானவர்களுக்கு முதுகெலும்பின் ஓரத்தில் முள் போல வளரும் கூடுதல் எலும்பு அடர்த்தியைக் கூட்டிக் காட்டும் என்று சொல்லி, டாக்டர் குறைவாக வந்த எண்ணையே வட்டம் போட்டார். அடுத்த ஸ்கேன் அதே மெஷினில்தான். பழைய ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம்.