கோயிலை விட்டு விலகியவரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், வழியில் பார்த்ததும் நாலு பேர் முன்னால் "என்ன, கோயில் பக்கமே காணோம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மத்தேயு 18:15 சொல்வதும் தனியாகப் போய்ப் பேசு என்றுதான். சாயங்காலமாக வீட்டுக்குப் போங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள், அவரைப் பேசவிடுங்கள். பல நேரம் விசுவாசம் போயிருக்காது. திருவிழா வரி பாக்கி, கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு சொல், வீட்டில் சாவு விழுந்தபோது பங்கிலிருந்து, அதாவது ஊர்க் கோயில் சபையிலிருந்து, யாரும் எட்டிப் பார்க்காத வருத்தம், இப்படி ஏதாவது இருக்கும். வரி என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு ஃபாதரிடம் பேசலாம். வருத்தம் என்றால் நியாயம் பேசாமல் மன்னிப்புக் கேளுங்கள், அதுதான் சரி.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நல்ல சமயம். கோயிலுக்கு வராதவர்கூட அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வருவார், பக்கத்தில் நின்று சேர்ந்து ஜெபியுங்கள்.

அப்புறம் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் வேதசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக, உயிரைக் கொடுத்த அந்தச் செம்மண்ணுக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். சொந்தப் பங்கில் முகம் காட்டக் கூசுகிறவர் அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நிற்கலாம், அறிமுகமில்லாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை) செய்யலாம்.

திரும்பி வரும் முதல் ஞாயிறு அவர் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள், "அதிசயமா இருக்கே" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.