மைக்ரோவேவை உறிஞ்சும் மலிவுப் பொருள்கள்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டாங்கச்சிக் கரி, உமிக்கரி, கிராஃபைட் தூள், இரும்புத் தூள். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு மைக்ரோவேவ் உறிஞ்சியை எடுத்துக்கொள்ளும் பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் கை வைக்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் எக்ஸ்-பேண்ட் பெஞ்ச் (8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை அளக்கும் கருவித் தொகுப்பு) இருக்கிறது, பொருளும் சல்லிசாகக் கிடைக்கிறது. எது நல்ல உறிஞ்சி என்று வரிசைப்படுத்தும் இடத்தில்தான் சறுக்கல்.

பெரிய தவறு, மறுபக்கம் சிக்னல் குறைந்ததைப் பார்த்துவிட்டு 'உறிஞ்சிவிட்டது' என்று எழுதிவிடுவது. அலுமினியத் தாளை வைத்தாலும்தான் மறுபக்கம் ஒன்றும் வராது. அது உறிஞ்சவில்லை, வந்ததை வந்த வழியே திருப்பிவிட்டது. பொருளின் மேல் விழும் ஆற்றலில் ஒரு பங்கு திரும்பும், ஒரு பங்கு கடந்துபோகும், மீதி உள்ளே வெப்பமாகும். முதல் இரண்டையும் அளந்து கழித்தால்தான் மூன்றாவது தெரியும். தண்ணீர் மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டையான நீர்ப்பரப்பில் நேராக விழுந்தால், 60 சதவீதத்துக்கு மேல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும்! மெழுகு போன்ற ஒன்றில் கரித்தூளைக் கலந்து வார்த்த கலவையும் அப்படித்தான். கரியைக் கூட்டக் கூட்ட மின்கடத்துதிறன் ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் கலவை உலோகம்போல நடந்துகொள்ளும். உள்ளே நுழையும் ஆற்றலே குறைந்துவிடும்.

சரி, பின்னால் உலோகத் தகட்டை வைத்துவிட்டால் கடந்துபோவது பூஜ்யம், திரும்புவதை மட்டும் அளந்தால் போதும். −10 டெசிபல் என்றால் 10 சதவீதம் திரும்புகிறது, 90 சதவீதம் உறிஞ்சப்படுகிறது. −20 என்றால் 99 சதவீதம். கணக்கு சுலபம்தான், ஆனால் இங்கே தடிமன் ஆளைக் கவிழ்க்கும். மேற்பரப்பில் திரும்பும் அலையும், தகட்டில் பட்டு வெளியே வரும் அலையும் ஒன்றையொன்று ரத்து செய்யும்போதுதான், திரும்பும் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் ஆழமான பள்ளம் விழுகிறது. பொருளுக்குள் அலைநீளத்தின் கால் பங்கு தடிமன் இருந்தால் இது நடக்கும். ஒளிவிலகல் எண் 3 உள்ள ஒரு கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 30 மி.மீ., கலவைக்குள் 10 மி.மீ.; ஆகவே தடிமன் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். அதே கலவையை 3 மி.மீ. ஆக வார்த்தால் பள்ளம் ஏறக்குறைய 8.3 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அளப்பவர் நல்ல பொருளையும் 'ஃபெயில்' என்று ஒதுக்கிவிடுவார். 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை முழு அதிர்வெண் பட்டையையும் அளக்க வேண்டும். ஓரிரு அதிர்வெண்ணில் மட்டும் அளந்துவிட்டு எந்தப் பொருளையும் மட்டம் தட்டாதீர்கள்.

வேவ்கைடுக்குள் (அலையைக் கொண்டுசெல்லும் செவ்வக உலோகக் குழாய்) மாதிரியைப் பொருத்துவதில் நுணுக்கம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. எக்ஸ்-பேண்ட் வேவ்கைடின் உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ. மின்புலம் அகலமான ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போகிறது. அதனால் மாதிரிக்கு மேலேயோ கீழேயோ மெல்லிய காற்றிடைவெளி விட்டாலே, கடத்துதிறன் கூடிய கலவைகளில் அளவீடு கணிசமாகப் பிசகும். குறுகிய பக்கச் சுவர்களை ஒட்டி மின்புலம் பூஜ்யத்தை நெருங்குவதால், அங்கே இடைவெளி இருந்தால் அவ்வளவு பாதகமில்லை. உப்புத்தாளில் தேய்க்கும்போது எந்தப் பக்கத்தைத் தேய்க்கிறோம் என்று பார்த்துத் தேயுங்கள்.

அப்புறம், எடைக்கு எடை ஒப்பிடும் பழக்கம். மெழுகில் பாதிக்குப் பாதி எடையில் கலந்தால், இரும்பு கன அளவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்; கிராஃபைட்டோ 30 சதவீதத்தை நெருங்கிவிடும். இரண்டும் சமமான கலவையே இல்லை. கரி ஈரத்தை இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஐப்பசி மழையில் அளந்த கரி, பாதி தண்ணீரின் அளவீடாக இருக்கலாம். 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்திவிட்டு அளக்கலாம். உமியை வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்கா. அதில் மைக்ரோவேவ் பெரிதாக இழப்பில்லாமல் போய்விடும்.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து 'எது சீக்கிரம் சுடுகிறது' என்று பார்க்கும் சோதனையை விட்டுவிடுங்கள். ஒரே அளவு ஆற்றலுக்கு, அதே எடையுள்ள இரும்பின் வெப்பநிலை தண்ணீரைவிட ஒன்பது மடங்கு ஏறும்; வெப்பம் ஏறுவதை வைத்து உறிஞ்சும் திறனைச் சொல்ல முடியாது. கரியும் கிராஃபைட்டும் உள்ளே பொறி பறந்து தீப்பிடிக்கவும் கூடும்.

காந்தம் இழுக்கிறது என்பதற்காக ஃபெரைட்டை (இரும்பு ஆக்சைடு சேர்ந்த காந்தப் பீங்கான்) நம்புவதும் தவறு. இஎம்சி (மின்கருவிகள் ஒன்றுக்கொன்று மின்காந்த இடையூறு தராமை) சோதனை அறைகளில் பதிக்கும் ஃபெரைட் ஓடுகள் 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரைக்கு உகந்தவை. பழைய கேபிள்களில் மாட்டியிருக்கும் ஃபெரைட் மணிகளை இடித்துப் பொடியாக்கினால் 10 கிகாஹெர்ட்ஸில் அந்தக் காந்த விளைவு பெரும்பாலும் மிஞ்சாது. ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடு அதிலும் மோசம், அதில் இருக்கும் ஹெமடைட்டின் காந்தத்தன்மை மிகப் பலவீனமானது.

கடைசியாக விலை. கிலோ விலையைப் போடாமல், எந்தப் பட்டையில் −10 டெசிபல் கிடைக்கிறது, அதற்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்று அட்டவணை போடுங்கள். இரும்புத் தூள் கலவை எடையிலேயே பின்தங்கிவிடும்.