ஆங்கிலக் கட்டுரையில் சரியான சொல்: எனக்குக் கைகொடுத்த வழி

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகிய காலம். இலக்கணம் சரியாக இருந்தும் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்துகொண்டே இருந்தது. காங்கேயத்தில் இருக்கும் என் அத்தை கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். "கண்ணு, சொல்லை ஒத்தையாப் பாக்காதே. அதுகூட எது சேர்ந்து வருதுன்னு பாரு" என்றார். அங்கேதான் வழி பிறந்தது.

அப்போது நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வரை விஷயமெல்லாம் கையில் இருந்தது. சாயக்கழிவுக்கு 'வேஸ்ட் வாட்டர்' என்றாலும் புரியும். ஆலையிலிருந்து வெளியேறுவதற்கு 'எஃப்ளூயன்ட்' துல்லியம். அதோடு சேரும் வினை 'டிஸ்சார்ஜ்'. சுத்திகரிக்காதது என்றால் முன்னால் 'அன்ட்ரீட்டட்'. மாசுபடுத்துவதைச் சொல்ல, ஆறு, காற்றுக்கு 'பொல்யூட்'. கிணற்று நீர், உணவுக்கு 'கன்டாமினேட்' இன்னும் நன்றாகப் பொருந்தும்.

இதையெல்லாம் தெசாரஸ் சொல்லாது. அது ஒத்த சொற்களை வரிசையாகக் கொட்டும், அவ்வளவுதான். மொழி கற்பவர்களுக்கென்றே வரும் ஆங்கில அகராதிகளில்தான் எடுத்துக்காட்டு வாக்கியமும், பேச்சுவழக்கா எழுத்துவழக்கா என்ற குறிப்பும் இருக்கும். 'எவிடென்ஸ்' போன்ற சொல்லுக்குப் பன்மை போடக் கூடாது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது முதல் வரைவில் வாயில் வந்த சொல்லையே எழுதிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் பென்சிலால் வட்டமிட்டு, கட்டுரை முடிந்த அப்புறம்தான் அகராதியைத் திறப்பேன். நோட்டில் குறிப்பதும் இரண்டு மூன்று சொற்களாகச் சேர்த்துத்தான்.