'செனைல்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது 'செனைல்' (senile) வந்தால், 'கிழட்டு' என்று எழுதப் போகும் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் ஒருமுறை அப்படி எழுதிவிட்டேன். பிழை திருத்துபவர் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பினார்.

அகராதியில் சொற்பிறப்பு சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் வயதானவர். அதிலிருந்து 'செனிலிஸ்'. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'முதுமைக்குரிய' என்றுதான் பொருள். புத்தி தடுமாறும் சங்கதியெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் சொந்தக்காரச் சொற்களைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த வேலை இதுதான். சீனியர், அதே வேரின் 'இன்னும் மூத்த' வடிவம். ரோமின் செனட், பெரியவர்களின் அவை. நாளுக்கு நூறு தடவை நாம் சொல்கிற 'சார்' கூட, அந்த சீனியர் பிரெஞ்சு வழியே தேய்ந்து வந்ததுதான்! நம்மிடம் மூப்பு, மூத்தவர், மூப்பர் இல்லையா, அதுபோல.

சரி, இனி நூல் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். பழைய நூல் என்றால் 'முதுமைக்குரிய' பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். இன்றைய பேச்சில் 'செனைல்' கிட்டத்தட்ட வசவு. மருத்துவக் கட்டுரையில் டிமென்ஷியாவைச் சொல்கிறார்கள் என்றால் மறதிநோய் என்றே எழுதிவிடுங்கள்.