செட்டிநாட்டு வங்கிக் கிளைகளில் டெத் கிளெய்ம் (இறந்தவரின் கணக்குப் பணத்தை உரியவர் கோருவது): தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கே பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். இருவருக்கும் ஒரே கிளையில் கணக்கு இருக்கும். பெயரை மட்டும் பார்த்து, இறந்தவர் என்று குறித்தால் பேரனின் கணக்கு முடங்கிப்போகும். பிறந்த தேதி, வாடிக்கையாளர் எண், தந்தை பெயர் மூன்றும் பொருந்திய பிறகே சிஸ்டத்தில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது, நாமினி உள்ள கணக்குக்கும் கோர்ட் சான்றிதழ் கேட்டு அலைக்கழிப்பது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, நாமினியோ சர்வைவரோ (கூட்டுக் கணக்கில் உயிரோடிருப்பவர்) இருந்தால் கிளெய்ம் ஃபார்ம், இறப்புச் சான்றிதழ், அவருடைய அடையாளச் சான்று போதும். தொகை எவ்வளவானாலும் இன்டெம்னிட்டி பாண்டு (பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித்தரும் பத்திரம்) கிடையாது. ஆனால் நாமினி, வாரிசுகளின் சார்பில் பணத்தை வாங்குபவர்தான். இதை அவரிடம் முதலிலேயே சொல்லாவிட்டால் பங்காளிச் சண்டை உங்கள் மேசைக்கு வந்து சேரும். கூட்டுக் கணக்கில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு வேலையே இல்லை.

நாமினி இல்லாத கணக்கில்தான் உண்மையான சிக்கல். வணிக வங்கியில் 15 லட்சம் வரை கோர்ட் சான்றிதழ் கேட்காத எளிய நடைமுறை உண்டு (கூட்டுறவு வங்கியில் 5 லட்சம்). அதிலும் யார் வாரிசு என்பதில் சறுக்குவோம். மனைவி, பிள்ளைகளை எழுதிவிட்டு, உயிரோடிருக்கும் தாயை மறந்துவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் இரண்டாம் வகுப்பு; முதல் வகுப்பில் யாரும் இல்லாதபோதுதான் அவர் முறை. பிள்ளை கூட்டும் (தத்தெடுக்கும்) வழக்கம் உள்ள ஊர் இது. முறைப்படி சுவீகாரம் போன மகன் பெற்ற தகப்பனாருக்கு வாரிசல்ல, கூட்டிக்கொண்டவருக்கே வாரிசு. "இவரும் மகன்தானே" என்று அண்ணன் தம்பிகளோடு அவர் கையெழுத்தையும் வாங்கிவிடாதீர்கள். பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்றிதழும் வேறு வேறு. எது தேவை என்று எழுதியே கொடுங்கள்.

ஆவணங்களைத் தவணை தவணையாகக் கேட்காதீர்கள். முழுதாக வந்த நாளிலிருந்து 15 நாளில் தீர்க்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் பேங்க் ரேட்டுடன் (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதம்) 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டிவரும். அதனால் தேதி முத்திரை முக்கியம்.

லாக்கர் திறக்கும்போது சாட்சிகள் இருவரும் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களாக இருக்கட்டும். கழுத்திருவை (நகரத்தார் திருமணத் தாலி நகை) கண்டதும் "தங்கம், இத்தனை பவுன்" என்று பட்டியலில் எழுதாதீர்கள். "மஞ்சள் நிற உலோக நகை, இத்தனை உருப்படி" என்றால் போதும். சீல் வைத்த பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம்.