மோரிஸ் மைனர் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து மாட்டுவது எப்படி?

பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நிற்கிறீர்கள். மிதித்த கால் மெல்ல மெல்லக் கீழே போகிறது. சக்கரங்களில் கசிவு இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை. அப்படியென்றால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், ஆயிலை முன்னால் தள்ளாமல் பின்னால் நழுவவிடுகிறது. இன்னொரு அறிகுறி இதற்கு நேர்மாறானது. வண்டி ஓட ஓட பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நிறுத்தி ஆறவிட்டால் விட்டுவிடும். இரண்டுக்கும் எல்லோரும் சொல்கிற மருந்து “கிட் மாத்திடுங்க” என்பதுதான், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்களைப் புதிதாகப் போடுவது. முதல் கோளாறுக்கு அது பாதி மருந்து. இரண்டாவதற்குப் பெரும்பாலும் மருந்தே இல்லை.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடுகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்று. மாஸ்டர் சிலிண்டர் கைவிட்டால் மிச்சம் கைபிரேக் மட்டும்தான். ஆகவே, செய்ததில் சந்தேகம் இருந்தால் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கழற்றுவது

பானெட்டைத் திறந்து தேடாதீர்கள், அங்கே இருக்காது. ஓட்டுநரின் கார்ப்பெட்டைத் தூக்கினால் தரையில் ஒரு சிறு மூடுதகடு தெரியும். அதற்குக் கீழே, சேசிஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது சிலிண்டர். ஆயில் ஊற்றும் வாயும் அங்கேதான். தகட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்த பிறகு விழும் ஒவ்வொரு துகளும் சிலிண்டருக்குள்தான் போகும்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, பைப் இணைப்பையும், பெடலின் அழுத்தத்தை பிஸ்டனுக்குக் கடத்தும் கம்பியான புஷ் ராடைப் பெடலோடு சேர்க்கும் இணைப்பையும் கழற்றுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

சிலிண்டரைப் பிடித்திருப்பவை சேசிஸ் வழியாகக் குறுக்கே போகும் இரண்டு நீள போல்ட்டுகள். முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் பக்கத்திலேயே ஓடுவதால் அவை முழுசாக வெளியே வராது, பாரை விலக்கியாக வேண்டும். சுமை ஏறிய முறுக்குக் கம்பி அது. இந்த ஒரு கட்டத்தை மட்டும் அனுபவமுள்ள கையிடம் விடுங்கள். சிலர் சிலிண்டரை இருந்த இடத்திலேயே வைத்து உள்பாகங்களை மட்டும் உருவி மாற்றுவதுண்டு. முதல் முறை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உள்சுவரைக் கண்ணால் பார்க்க முடியாது, இந்த வேலையில் முக்கியமே அதுதான்.

பிரிப்பது

ரப்பர் உறையை விலக்கி, புஷ் ராடைச் சற்று உள்ளே அழுத்திப் பிடித்தபடி, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வளையக் கிளிப்பான சர்க்ளிப்பை எடுங்கள். பிஸ்டன், மெல்லிய வாஷர், முதன்மைக் கப், ஸ்பிரிங், வால்வு என வரிசையாக வரும். வரும் வரிசையிலேயே துணியில் அடுக்கிப் படம் எடுத்துவையுங்கள். அந்த மெல்லிய வாஷரின் வளைந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் படத்தில் பிடித்துவிடுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள சிறு துளைகளுக்குள் கப் இழுக்கப்படாமல் காப்பது அதுதான். பிஸ்டன் சிக்கிக்கொண்டால் சைக்கிள் பம்பால், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, மெதுவாகக் காற்று கொடுங்கள்.

கழுவ மெத்திலேட்டட் ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில் மட்டுமே. பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். பட்ட இடத்தில் ரப்பர் ஊதிவிடும்.

இப்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் பரவாயில்லை. நுண்ணிய எம்ரி தாளை பிரேக் ஆயிலில் நனைத்துச் சுழற்றித் தேய்த்தால் போய்விடும். அப்புறம் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் மாட்டினால் அங்கே துரு குழி பறித்திருக்கிறது. அதைத் தேய்த்து நீக்கப் பார்த்தால் சிலிண்டரின் உள்விட்டம் அகன்று, 7/8 அங்குலத்துக்குச் செய்த கப் தளர்ந்துவிடும். ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்லீவ் (உள்குழாய்) போட்டுத் தரும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் புது சிலிண்டர் வாங்குங்கள். குழி விழுந்த சிலிண்டரில் புது கிட் போடுவது காசுக்குக் கேடு.

அடுத்து, ஆயில் தொட்டியின் அடியில் உள்ள இரண்டு துளைகள். பெரியது ஆயில் உள்ளே வருவதற்கு. அதற்கு முன்னால், ஊசிமுனை அளவில் ஒன்று இருக்கும், தெரியாமலே போகலாம். டிரம் சூடேறி ஆயில் விரியும்போதும், பிரேக்கை விடும்போதும் மிஞ்சுகிற ஆயில் தொட்டிக்குத் திரும்பும் வழி இது ஒன்றே. இது அடைத்தால்தான் ஓட ஓட பிரேக் பிடிக்கும். மெல்லிய செம்புக் கம்பியை விட்டு, மறுபக்கம் வெளிச்சம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். துரப்பணம் போடவே கூடாது. எம்ரி தேய்த்ததில் துளை விளிம்பில் பிசிறு நின்றிருந்தால் எடுத்துவிடுங்கள், புது கப்பின் உதட்டை அது கிழித்துவிடும். ஆயில் மூடியில் உள்ள காற்றுத் துளையையும் பார்த்துவிடுங்கள்.

சேர்ப்பது

கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். எல்லாப் பாகத்தையும் புது பிரேக் ஆயிலில் முக்கியே எடுக்க வேண்டும். முதலில் வால்வும் அதன் ரப்பர் இருக்கையும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் சிறிது அழுத்தம் நிறுத்தி, காற்று உள்ளே போகாமல் தடுப்பது இந்த வால்வு. அது டிரம்முக்கானது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றியவர்கள் இதைத் திரும்பப் போடக்கூடாது. அடுத்து ஸ்பிரிங், பிறகு முதன்மைக் கப். கப்பின் உதடு முன்னே, ஸ்பிரிங் பக்கம் பார்க்க வேண்டும். உதடு மடங்காமல் சாய்த்து, சுழற்றி நுழையுங்கள். பிறகு வாஷர், பிஸ்டன். பிஸ்டனின் பின்பக்கக் கப்பை விரலால் இழுத்து மாட்டுங்கள், ஸ்குரூடிரைவர் வேண்டாம். அதன் உதடும் முன்பக்கம்தான். சர்க்ளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று சுழற்றிப் பாருங்கள். பைப் இணைப்புக்குச் செம்பு வாஷர் புதிதாகவே போடுங்கள்.

புஷ் ராடு இடைவெளி

சிலிண்டரை வண்டியில் பொருத்தியதும் பலர் நேராக, பைப்பில் சிக்கிய காற்றை எடுக்கப் போய்விடுவார்கள். அதற்கு முன் புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிபாருங்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மிமீ இடைவெளி வேண்டும். பெடல் முனையில் அது சுமார் அரை அங்குல வெற்று ஆட்டமாகத் தெரியும். இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னே வராது, கப் அந்த ஊசித் துளையை மூடியபடியே நிற்கும். துளையைச் சுத்தம் செய்தது வீண்.

ஆயில் டாட் 4, புது பாட்டில். சிலிகான் வகையான டாட் 5ஐக் கலக்காதீர்கள். ஊற்றியதும் மூடியைத் திறந்துவைத்து, உதவிக்கு ஒருவரை பெடலை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். வெற்று ஆட்டம் முடியும் இடத்தில் தொட்டிக்குள் ஆயில் சின்னதாய்க் கொப்பளிக்கும். துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

காற்று எடுப்பதற்கு முன் பிரேக் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். அதற்கான அட்ஜஸ்டர் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்ற வரிசையில், காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து குமிழ் நிற்கும்வரை எடுங்கள். தொட்டி ஒருபோதும் காலியாகக்கூடாது.

பிறகு பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் இறங்கக்கூடாது. இணைப்புகளில் ஈரமும் தெரியக்கூடாது. ஆளில்லாத இடத்தில், மெதுவாக, பலமுறை பிரேக் அடித்து ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஒன்று மட்டும் இறுகினால் அந்தச் சக்கரத்து அட்ஜஸ்டரையோ வீல் சிலிண்டரையோ பாருங்கள். நான்கும் இறுகி, நிப்பிளைத் தளர்த்தியதும் ஆயில் பீறிட்டு விடுபட்டால், மறுபடி புஷ் ராடு நீளத்துக்குத்தான் போக வேண்டும்.